சிதறிய புள்ளிகளிலிருந்து ஒரு குளம்

திருநெல்வேலிச் சீமையில் ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகிவிட்டால், அடுத்து எல்லாரும் கேட்பது பிசான நெல் அறுப்பு வரைக்கும் இந்தத் தண்ணீர் தாங்குமா என்பதைத்தான். கரையில் நின்றால் தண்ணீர் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று தெரியும். ஆழம் தெரியாது. மடைப் பக்கம் ஆள் மூழ்கும். மேல்கோடியில் முழங்கால்கூட நனையாது. நடுவே யாரோ கரம்பை (வண்டல் மண்) அள்ளிய பள்ளம் ஒன்று கிடக்கும். அது எங்கே என்று மாடு மேய்ப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, ஆழத்தை அளந்துவிடலாம். ஆனால் குளம் முழுக்க அடிக்கு அடி கோல் ஊன்ற யாராலும் ஆகாது. போக முடிந்த இடத்தில் அளப்போம். கரையோரம் நிறைய, நடுவில் கொஞ்சம், தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடி மண்டிய மூலையில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் கையில் இருப்பது மூன்று பத்தி உள்ள ஓர் அட்டவணை: கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர், அங்கே ஆழம் எவ்வளவு. அளக்காத இடத்துக்கும் ஆழம் சொல்லக்கூடிய ஒரு தொடர்ச்சியான பரப்பை இந்தச் சிதறிய புள்ளிகளிலிருந்து உண்டாக்கி, அதைப் படமாக வரைவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். கிணற்று நீர்மட்டம், மண்ணின் உப்பு, மழையளவு எல்லாவற்றுக்கும் இதே வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஊகம். எந்த மென்பொருளில் போட்டாலும் ஊகம்தான். முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், என்ன மாதிரி ஊகிக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுக்கிறோம். இதை மறந்துவிட்டு வழவழப்பான படத்தைப் பார்த்து மயங்குவதுதான் இந்தத் துறையில் வழக்கமாக நடக்கிற கோளாறு.

அளக்கும்போதே கவனிக்க வேண்டியவை

உயரத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ் சொல்வதை வைத்து எழுதக் கூடாது. திறந்த வெளியில் அது இடத்தைச் சில மீட்டர் பிசகோடு காட்டும். உயரத்தில் பிசகு அதைவிட அதிகம். குளமே மூன்று மீட்டர் ஆழம் என்றால் அந்த அளவு எதற்கும் உதவாது. நல்லவேளையாக, காற்று அடிக்காத காலை நேரத்தில் நீர்ப்பரப்பு குளம் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கீழே கோல் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் போதும், தனியாக லெவல் கருவி வேண்டாம். அன்றைக்கு நீர்மட்டம், உபரித் தண்ணீர் வழியும் மறுகால் சுவரின் மேல்விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பதையும் குறித்துவைத்துக்கொண்டால், வேறொரு நாள் அளந்ததையும் இதோடு சேர்க்கலாம்.

கோலின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை ஆணி அடித்துவிடுங்கள். வெறுங்கோல் சேற்றில் புதையும். ஒருவர் அழுத்தி ஊன்றுவார், இன்னொருவர் மெதுவாக ஊன்றுவார், இரண்டு அளவும் ஒத்துவராது. தனியாளாகத் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். கரம்பைப் பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக இருக்கும்.

எங்கே அளப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலரும் கரைக்கு இணையாக நேர்கோடாகப் போய் ஐந்து மீட்டருக்கு ஒரு அளவு எடுப்பார்கள். பிறகு எண்பது மீட்டர் தள்ளி அடுத்த கோடு. எண்ணிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. எண்ணிக்கை குறைந்தாலும் குளம் முழுக்கத் தூவினாற்போல் எடுப்பதே மேல். தரை சட்டென்று மாறுகிற இடத்தில் மட்டும் நெருக்கமாக எடுங்கள்: மடைக்கு முன்னால் தண்ணீர் அரித்த குழி, கரையின் அடிச்சரிவு, பள்ளத்தின் விளிம்பு. விளிம்பில் மேலே ஒரு புள்ளி, உடனே கீழே ஒரு புள்ளி என்று இரண்டாக எடுக்காவிட்டால், செங்குத்தான பள்ளம் படத்தில் மழுங்கிய சரிவாகத்தான் வரும்.

மீட்டருக்கு மாற்றும்போது

கைபேசி தருவது அட்சரேகையும் தீர்க்கரேகையும். கணக்குக்கு மீட்டர் வேண்டும். ஒரு குளத்துக்கு எளிய வழியே போதும். நம் பக்கம் அட்சரேகை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர், தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கரையின் ஒரு மூலையைத் தொடக்கமாக வைத்து, வித்தியாசத்தை இவற்றால் பெருக்கினால் ஆயிற்று.

சீமை முழுவதையும் ஒரே படத்தில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. யுடிஎம் என்ற வரைபட முறை உலகத்தை ஆறு டிகிரி அகலப் பட்டைகளாக வெட்டுகிறது. அதில் 43-ஆம் பட்டையும் 44-ஆம் பட்டையும் சந்திக்கும் 78 டிகிரிக் கோடு ஸ்ரீவைகுண்டத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே போகிறது. மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் பட்டையில் மாற்றித் தந்து, நாமும் பட்டை எண்ணைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஒட்டிவிட்டால், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்க வேண்டிய திருச்செந்தூர் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே போய், மினிக்காய் தீவையும் தாண்டி அரபிக்கடலில் நிற்கும். முருகன் கடலோரத்தில் இருக்கிறார் என்பதென்னவோ சரிதான், ஆனால் அந்தக் கடல் இல்லை. எல்லாப் புள்ளிகளையும் 43-ஆம் பட்டையிலேயே மாற்றச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது.

முக்கோணங்கள்

முதலில் கற்க வேண்டிய முறை இதுதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துக் குளம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் தரை ஒரு சாய்ந்த பலகை மாதிரி நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஊகம்.

எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம் என்பதால், எது நல்ல இணைப்பு என்று ஒரு விதி தேவை. ருஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934-இல் சொன்ன விதியைத்தான் இன்றும் கணினிகள் பின்பற்றுகின்றன. முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக ஒரு வட்டம் போட்டால், அதற்குள் வேறு புள்ளி எதுவும் வரக் கூடாது. இப்படிச் செய்தால் ஊசிபோல் ஒடுங்கிய முக்கோணங்கள் முடிந்தவரை குறையும்.

ஒரு முக்கோணத்தைக் கையிலேயே போட்டுப் பார்ப்போம். தொடக்கப் புள்ளியில் ஆழம் 2.4 மீட்டர். அதற்குக் கிழக்கே 40 மீட்டரில் 1.6. வடக்கே 40 மீட்டரில் 0.8. கிழக்கே 10, வடக்கே 20 மீட்டரில் உள்ள இடத்தில் கோல் ஊன்றவில்லை. அங்கே ஆழம் என்ன?

கிழக்கே 40 மீட்டரில் ஆழம் 0.8 குறைகிறது, அதாவது மீட்டருக்கு 0.02. வடக்கே 40 மீட்டரில் 1.6 குறைகிறது, மீட்டருக்கு 0.04. ஆக, 2.4-இலிருந்து 10 × 0.02 = 0.2, 20 × 0.04 = 0.8 இரண்டையும் கழித்தால் 1.4 மீட்டர். வேறு விதமாகச் சொன்னால், முதல் புள்ளிக்குக் கால் பங்கு, கிழக்குப் புள்ளிக்குக் கால் பங்கு, வடக்குப் புள்ளிக்கு அரைப் பங்கு என்று கலந்த விடை அது. கணினி ஆயிரக்கணக்கான இடங்களுக்கு இதையே செய்கிறது.

வெளிவிளிம்பில் உள்ள புள்ளிகளைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டினால், அந்தக் கயிற்றுக்கு வெளியே இந்த முறை எதுவும் சொல்லாது. பைத்தான் நிரல்மொழியில் சைபை என்ற கணக்குத் தொகுப்பின் ‘கிரிட்டேட்டா’ கட்டளையை ‘லீனியர்’ என்று கொடுத்து ஓட்டினால் வெளியே எல்லாம் ‘நேன்’ (எண் இல்லை) என்று வெறுமையாக வரும். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைத்துப் பதறுவார்கள். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்ததே இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறது.

தூரத்தை வைத்துப் பங்கு

முக்கோணம் எதுவும் வேண்டாம், எல்லாப் புள்ளிகளும் விடையில் பங்கு பெறட்டும், பக்கத்தில் இருப்பவற்றுக்குப் பங்கு அதிகம், தொலைவில் இருப்பவற்றுக்குக் குறைவு என்பது அடுத்த முறை. டொனால்டு ஷெப்பர்டு 1968-இல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. தூரத்தின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் வருவதைப் பங்காக வைப்பது வழக்கம்.

அதே மூன்று புள்ளிகளையும் அதே இடத்தையும் எடுத்துக்கொள்வோம். தூரத்தின் வர்க்கம் முதல் புள்ளிக்கு 500, கிழக்குப் புள்ளிக்கு 1300, வடக்குப் புள்ளிக்கு மறுபடி 500. இவற்றைத் தலைகீழாக்கிப் பங்கு போட்டால் முதல் புள்ளிக்கும் வடக்குப் புள்ளிக்கும் தலா 42 சதவீதம், கிழக்குக்கு 16 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 1.6 மீட்டர்.

அளவுகளும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. ஒரு முறை 1.4 என்கிறது, இன்னொன்று 1.6 என்கிறது. 20 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு ஹெக்டேர் முழுக்கப் பரவினால் 2000 கன மீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர் தண்ணீர். படத்தின் கீழே எந்த முறை என்று எழுதாமல் கொள்ளளவை மட்டும் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று இதிலிருந்தே தெரியும்.

தூரப் பங்கு முறைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பரப்பு சற்றுத் தட்டையாகி, படத்தில் அம்மைத் தழும்பு மாதிரி வட்டவட்டமாக வரும். அந்த வட்டங்கள் குளத்தில் இல்லை. அளந்த இடங்களின் தடம்தான் அப்படித் தெரிகிறது. க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருளில் சிதறிய புள்ளிகளைப் பரப்பாக்கும் ‘டிகிரிட்3டி’ கட்டளையும், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், தூரப் பங்கைத்தான் கையாள்கிறது. அங்கே வட்டங்கள் கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வளையும் தகடு

மெல்லிய உலோகத் தகடு ஒன்றை எல்லாப் புள்ளிகளையும் தொடும்படி வளைக்க வேண்டும், ஆனால் வளைவு மொத்தத்தில் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கற்பனையிலிருந்து பிறந்த கணக்குக்கு ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ என்று பெயர். சைபையில் ‘ஆர்பிஎஃப் இன்டர்போலேட்டர்’ என்று அழைத்தால், வேறு எதுவும் கேட்காதவரை இதைத்தான் செய்யும். படம் அழகாக வரும், முக்கோண முறையின் மடிப்புகள் இருக்காது.

அழகுக்கு ஒரு விலை உண்டு. தகடு புள்ளிகளின் எல்லையைத் தாண்டி எழும்பும், தாழும். முக்கோண முறையிலும் தூரப் பங்கு முறையிலும் விடை ஒருபோதும் நாம் அளந்த மிகப் பெரிய எண்ணைத் தாண்டாது, மிகச் சிறியதற்குக் கீழே போகாது. தகட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓரத்தில் ஆழம் குறைந்துகொண்டே வந்தால் அதே வேகத்தில் இன்னும் குறைத்து எதிர்மறை ஆழத்தைச் சொல்லிவிடும். படத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு தீவு முளைக்கும். கரையோரத்தில் ஆழம் பூஜ்யம் உள்ள இடங்களையும் நடந்து போய்ப் பதிவு செய்து அட்டவணையில் சேர்த்துவிட்டால் இந்தத் தீவுகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதிலேயே ‘ஸ்மூத்திங்’ என்ற ஒரு எண் இருக்கிறது. பூஜ்யம் என்றால் தகடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டே தீரும். எண்ணைக் கூட்டக் கூட்ட, புள்ளிகளுக்குப் பக்கத்தில் போனால் போதும் என்று தளரும். ஒரே இடத்தில் இரண்டு தடவை அளந்து 1.52, 1.60 என்று இரண்டு விடை வந்திருந்தால் ஒரே தகடு இரண்டையும் எப்படித் தொட முடியும்? பூஜ்யத்தில் கணக்கு அங்கேயே முறிந்துவிடும். கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது இரண்டுக்கும் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக்குங்கள்.

புள்ளிகளைத் தொடாத பரப்பு

மீச்சிறு வர்க்க முறை இன்னொரு வழி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805-இல் அச்சிட்டு வெளியிட்டது. தரைக்கு ஒரு சூத்திரத்தை நாமே முடிவு செய்கிறோம். உதாரணமாக, கிழக்கு, வடக்கு, அவற்றின் வர்க்கங்கள், இரண்டின் பெருக்கல், ஒரு மாறிலி என்று ஆறு உறுப்புகள் கொண்ட இருபடிச் சூத்திரம். பரப்புக்கும் அளவுகளுக்கும் உள்ள விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி அந்த ஆறு எண்களையும் கணினி கண்டுபிடித்துத் தரும். எந்தப் புள்ளியையும் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

குளம் மொத்தத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய இது அருமையான முறை. கரம்பைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க உதவாது. பள்ளமும் வர வேண்டும் என்று படியை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. ஐந்தாம் படியில் 21 எண்கள் தேவை. கையில் 25 புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால், சூத்திரம் குளத்தை விட்டுவிட்டுக் கோல் புதைந்த பிழையைக்கூட மனப்பாடம் செய்துகொள்ளும். புள்ளிகளின் அருகே சாதுவாக இருந்துவிட்டு, மூலைகளில் வானத்துக்கும் பாதாளத்துக்கும் பாயும். இருபடிக்கு மேல் போக எனக்கு மனம் வருவதில்லை.

‘கிரிகிங்’ என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டானி கிரீக் 1951-இல் தொடங்கிவைத்ததை, 1960-களில் பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் முழுக் கோட்பாடாக்கினார். தூரம் கூடக் கூட அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் புள்ளிகளிடமிருந்தே கற்று, அதன்படி பங்கு போடும். ஒவ்வோர் இடத்திலும் விடையோடு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சேர்த்துத் தரும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

எது சரி என்று எப்படித் தெரியும்?

ஒரு புள்ளியை மறைத்துவிட்டு மற்றவற்றை வைத்துப் பரப்பை உண்டாக்குங்கள். மறைத்த இடத்தில் பரப்பு என்ன சொல்கிறது, கோல் என்ன சொன்னது என்று ஒப்பிடுங்கள். அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை மறையுங்கள். எல்லாவற்றுக்கும் செய்து, பிழைகளின் சராசரி அளவைப் பாருங்கள். பைத்தானில் பத்து வரி வேலைதான். ஒவ்வொரு முறைக்கும் இதைச் செய்து பார்த்தால், அந்தக் குளத்துக்கு எது பொருந்துகிறது என்று எண்ணே சொல்லிவிடும். சராசரியோடு நிறுத்தாமல், எந்தப் புள்ளியில் பிழை அதிகம் என்றும் பாருங்கள். பெரும்பாலும் அது பள்ளத்தின் விளிம்பாகவோ மடைக்கு முன்னாலோ இருக்கும். இன்னும் நாலு அளவு அங்கேதான் வேண்டும் என்று அர்த்தம்.

குளத்திலிருந்து மழைக்கு

இதே கணக்கை மழைமானி அளவுகளுக்குப் போட்டால் வேறு சிக்கல்கள் முளைக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 பதிவாயின. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, அதற்குள் 26 சென்டிமீட்டர் இறக்கம். அதைவிட முக்கியம், உச்ச அளவு காட்டிய ஊர் கடற்கரையில், புள்ளிகளின் விளிம்பிலேயே இருக்கிறது. அதற்குக் கிழக்கே கடல். அங்கே மழைமானி இல்லை. முக்கோண முறை கரையோடு நின்றுவிடும். தூரப் பங்கு முறை கடலுக்குள்ளும் ஏதோ ஒரு சராசரியைச் சொல்லும். தகட்டு முறையோ மேற்கிலிருந்து ஏறி வந்த வேகத்திலேயே கடலுக்கு மேலே 95-ஐத் தாண்டி ஏறிப்போகக்கூடும். மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழையின் உச்சம் எங்கே என்று மூன்று கதை சொல்லலாம். மூன்றுக்கும் ஆதாரம் கிடையாது.

மேற்கே மலை. அம்பாசமுத்திரம் சமவெளியில் இருக்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் மலைமேல், மாஞ்சோலைப் பக்கமே ஆயிரம் மீட்டர் வாக்கில். இரண்டுக்கும் நடுவே தூரத்தை மட்டும் பார்த்துக் கோடு இழுத்தால், மழை படிப்படியாகச் சமமாகக் கூடுவதாகப் படம் வரும். உண்மையில் அது மலைச்சரிவு ஏறும் விதத்தைப் பொறுத்தது. எனவே இங்கே கிழக்கு, வடக்கு என்ற இரண்டோடு கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் ஒரு உள்ளீடாகச் சேர்க்க வேண்டும். முதலில் உயரத்துக்கும் மழைக்கும் உள்ள உறவை மீச்சிறு வர்க்கத்தில் கண்டுபிடித்து, மிச்சம் வரும் விலகலை மட்டும் பரப்பாக்கி, இரண்டையும் கூட்டுவது நடைமுறையில் எளிது.

படமாக வரைவது

எக்செலில் ‘சர்ஃபேஸ்’ வரைபடம் இருக்கிறதே என்று பலர் அங்கே போய் முட்டிக்கொள்வார்கள். அதற்குக் கட்டம் கட்டமாக ஒழுங்கான தரவு வேண்டும். சிதறிய மூன்று பத்திகளை அப்படியே கொடுத்தால் கிழக்கையும் வடக்கையும் வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு கோணல்மாணலாக வரையும். பைத்தானின் மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பில் ‘பிளாட் டிரைசர்ஃப்’ சிதறிய புள்ளிகளை நேராகவே வாங்கிக்கொண்டு முக்கோணங்களாக வரையும். தகட்டு முறை என்றால், முதலில் ஐந்து மீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு, ‘பிளாட் சர்ஃபேஸ்’ கட்டளைக்குத் தர வேண்டும். கட்டம் போட்டதும் கொள்ளளவும் கூடவே கிடைத்துவிடும்: ஒவ்வொரு கட்டத்தின் ஆழத்தையும் 25 சதுர மீட்டரால் பெருக்கிக் கூட்டினால் கன மீட்டர்.

400 மீட்டர் நீளக் குளத்தில் 3 மீட்டர் ஆழத்தை உள்ளபடி வரைந்தால் தட்டையான கோடுதான் தெரியும். உயரத்தை இருபது மடங்கு பெருக்கி வரையலாம், ஆனால் இருபது மடங்கு என்று படத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவர் மலைப்பள்ளத்தாக்கு என்று நினைத்துவிடுவார். வானவில் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். மஞ்சள் பச்சையாக மாறும் இடத்தில் இல்லாத விளிம்பு ஒன்று இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ‘விரிடிஸ்’ நிறவரிசைக்கு மாறியது இதனால்தான். முப்பரிமாணப் பரப்புக் கட்டளைகளில் மட்டும் அதை நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நிறத்தில் வரும்.

முப்பரிமாணப் படம் பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், முன்பக்கத்து மேடு பின்பக்கத்துப் பள்ளத்தை மறைத்துவிடும். கூட்டத்தில் காட்ட அது. மடை எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்த மூலையில் தூர் எடுப்பது என்று முடிவெடுக்க, அரை மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு போட்ட தட்டையான வரைபடம்தான் உதவும். இரண்டிலும் கோல் ஊன்றிய ஒவ்வோர் இடத்தையும் கறுப்புப் புள்ளியாக வையுங்கள். அமலைச் செடி மூலையில் புள்ளியே இல்லாதபோது அங்கே என்ன நிறம் தெரிந்தாலும் நம்ப வேண்டாம் என்று பார்க்கிறவருக்கே புரியும். கயிற்றுக்கு வெளியே உள்ள பகுதியை நிறமே தராமல் வெள்ளையாக விட்டுவிடுங்கள்.